குருவானவருக்கு விடுப்பு கொடுப்பது யார்?

"ஐயருக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரசங்கம், அவ்வளவுதானே" என்று ஆலய வாசலில் நின்று குருவானவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. அவர்களில் யாரையாவது ஒரு டிசம்பர் மாதம் முழுவதும் குருவானவர் குடியிருக்கும் குருமனையில் தங்க வைத்துப் பார்க்க வேண்டும்.

தென்மாவட்டங்களில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் என்றால் தலைமையிடத்தில் பெரிய ஆலயம், சுற்றிலும் கிளைச் சபைகள் என்று இருக்கும். பல சேகரங்களில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருவிருந்து நடத்தக் குருவானவர் ஒருவர்தான். டிசம்பர் பிறந்தால் ஞாயிறு பள்ளி, வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம், பாடகர் குழு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிறிஸ்துமஸ் விழா. கிளைச் சபைகளிலும் அதே வரிசை. இரவில் கீத பவனி தெருத்தெருவாகப் போய் முடியும்போது விடியப் பார்க்கும். 25ஆம் தேதி அதிகாலை ஆராதனை. 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை, விடிந்ததும் புத்தாண்டு ஆராதனை. இடையில் யாராவது இறந்தால் அடக்க ஆராதனை. மரணம் பண்டிகை பார்த்து ஒதுங்குவதில்லை. ஜனவரியில் சற்று மூச்சு விட்டால் சாம்பல் புதன் வந்துவிடும். லெந்து கால (தவக்கால) வீட்டுக் கூட்டங்கள், பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை, ஈஸ்டர் அதிகாலை. அதன்பின் விடுமுறை வேதாகமப் பள்ளி, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, திடப்படுத்தல் வகுப்பு.

இருந்தாலும் வேலை அதிகம் என்பதால் மட்டும் யாரும் உள்ளுக்குள் வற்றிப்போவதில்லை. விதைப்பும் அறுப்பும் நெருங்கிவரும் மாதங்களில் விவசாயியும் ராப்பகலாகத்தான் உழைக்கிறார். அறுப்பு முடிந்தால் களம் காலியாகும் என்று அவருக்குத் தெரியும். குருவானவரின் களம் காலியாவதே இல்லை. அதைக் காலி செய்து தரும் பொறுப்பு யாருடையது என்றும் எங்கும் எழுதப்படவில்லை. ஊழியச் சோர்வைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் போதகரின் ஜெப வாழ்க்கையைப் பற்றியும் நேரத்தைக் கையாளும் திறமையைப் பற்றியும் பேசுகிறோம். என் எண்ணத்தில் பேச வேண்டியது சேகரத்தை நிர்வகிக்கும் கமிட்டியைப் பற்றி.

இந்தச் சோர்வை "பர்ன் அவுட்", அதாவது எரிந்து தீர்ந்துபோதல், என்று முதலில் பெயர் கொடுத்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் உழைத்தவர். 1974இல் வெளியான அவருடைய கட்டுரையில், மிகுந்த ஈடுபாட்டோடு வந்தவர்களே இதற்கு எளிதில் ஆளாகிறார்கள் என்று குறித்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதை அளக்க ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இது நோயாக அல்ல, வேலையிலிருந்து பிறக்கும் நிலையாகச் சேர்க்கப்பட்டது. மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: ஆற்றல் முழுவதும் தீர்ந்துபோன களைப்பு, வேலையின் மீது கசப்பு அல்லது மனவிலகல், நான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம்.

போதகரிடம் முதல் அடையாளத்தை யாரும் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது நுட்பமானது. வாசலில் ஒரு விதவை வந்து நின்றதும் "இன்றைக்கு இவர்கள் என்ன கேட்கப் போகிறார்கள்" என்று மனம் முன்கூட்டியே சலித்துக்கொள்கிறது. ஆத்துமாக்கள் விண்ணப்பங்களாகிவிடுகின்றன. மூன்றாவது பழைய பிரசங்க நோட்டில் தெரியும். மாற்றலாகிப் போன இடத்தில் பழைய பிரசங்கத்தைப் புதுக்கிச் சொல்வதில் தவறில்லை, எல்லாரும் செய்வதுதான். புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வராமல், வந்தாலும் தனக்கே அதில் நம்பிக்கை இல்லாமல் போவது வேறு.

இங்கே வியப்பான முரண் ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கருத்தாய்வு மையம் 2007இல் அமெரிக்காவில் எந்தத் தொழிலில் மனநிறைவு அதிகம் என்று பார்த்தபோது போதகர்களே முதலிடத்தில் வந்தார்கள்; மிகுந்த நிறைவு என்று சொன்னவர்கள் 87 சதவீதம். அதே காலத்தில் தொடங்கிய டியூக் பல்கலைக்கழகத்தின் போதகர் நலத் திட்டம், வட கரோலினாவின் ஐக்கிய மெதடிஸ்ட் போதகர்களை ஆராய்ந்தது. தொலைபேசி நேர்காணலில் அவர்களில் 8.7 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு தெரிந்தது. அந்நாட்டின் பொதுவான அளவு 5.5 சதவீதம். இரண்டு முடிவுகளும் ஒரே நாட்டின் போதகர்களைப் பற்றியவை. அழைப்பை நேசிப்பவர் அதன் உள்ளேயே நோயாளியாகலாம். "ஊழியத்தில் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்" என்ற சாட்சி அவர் நலமாக இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பெருந்தொற்றுக்குப் பின் நிலைமை மோசமானது. பார்னா ஆய்வுக் குழு அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் போதகர்களிடம் 2022 மார்ச்சில் கேட்டபோது, கடந்த ஓராண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிட எண்ணியதாக 42 சதவீதத்தினர் சொன்னார்கள். 2021 ஜனவரியில் அது 29ஆக இருந்தது. அப்படி எண்ணியவர்கள் சொன்ன காரணங்களில் முதலாவது வேலையின் பெரும் அழுத்தம், அடுத்தது தனிமை.

தனிமை என்ற சொல் பலருக்கு விளங்காது. நாள் முழுவதும் ஆட்கள் சூழ்ந்திருக்கும் மனிதருக்கு என்ன தனிமை? ஆனால் அந்தக் கூட்டத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சபை அங்கத்தினர். நண்பராகப் பழகுகிறவர் கமிட்டி உறுப்பினர். கமிட்டியில் எதிர்த்துப் பேசியவரின் மகளுக்குத்தான் அடுத்த மாதம் ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்க வேண்டும். குடியிருக்கும் வீடு சபையினுடையது. சுவரில் ஆணி அடிப்பதும் சேகரச் செயலாளர் காதுக்குப் போகும். குடும்பத் தகராறு, கடன், மகனின் குடி, தகாத உறவு என்று ஊரின் இரகசியங்கள் எல்லாம் அவரிடம் வந்து சேர்கின்றன. அவருடைய இரகசியத்தை இறக்கி வைக்க இடமில்லை. சக குருவானவரிடம் சொல்லலாம் என்றால், அடுத்த மாற்றல் பட்டியலில் அதே சேகரத்துக்கு ஆசைப்படுகிறவர் அவராகவே இருக்கக்கூடும்.

மாற்றல் என்று வந்ததால் அதையும் சொல்லிவிட வேண்டும். மாஸ்லாக், மைக்கேல் லீட்டருடன் சேர்ந்து, சோர்வு முளைக்கும் இடங்கள் ஆறு என்று வகுத்தார்: வேலைப்பளு, தன் வேலை மீது தனக்குள்ள பிடி, கிடைக்கும் மதிப்பும் ஊதியமும், உடன் இருப்போரோடு உறவு, நியாயம், கொள்கை. பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட நமது திருமண்டலங்களின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலை வாசிக்கும்போது லேசான சிரிப்பு வரும். வேலைப்பளு ஆறில் ஒன்றுதான். எந்த ஊருக்கு, எப்போது என்பது குருவானவரின் கையில் இல்லை. திருமண்டலத் தேர்தலில் இரண்டு அணிகள் நிற்கும்போது அவர் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் இரண்டு பக்கமும் சந்தேகிக்கும். சாய்ந்தால், தோற்ற பிறகு கிடைக்கும் ஊர் எது என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் பள்ளி மாறுகிறார்கள். குருவானவரின் மனைவியான ஐயரம்மா வேலைக்குப் போகிறவராக இருந்தால் குடும்பம் இரண்டு ஊர்களில் பிரிந்து வாழ்கிறது. வேலைக்குப் போகாதவராக இருந்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்தும் சம்பளமில்லாத ஊழியராகிறார். இந்தச் சோர்வில் பாதி வேதாகமத்தால் வருவதல்ல, நிர்வாகத்தால் வருவது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளும் குருவானவர் அதிகம் இருக்க மாட்டார்.

இதோடு உணர்ச்சியின் திருப்பங்களும் உண்டு. காலை பதினோரு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருபது வயதுப் பையனை அடக்கம் செய்கிறார். மாலை நான்கு மணிக்குத் திருமண ஆராதனை. அங்கே முகம் மலர்ந்திருக்க வேண்டும், மேடையில் வாழ்த்துரையில் ஒரு நகைச்சுவையும் வேண்டும். இரவு கமிட்டியில் அசனப் பண்டிகைக் கணக்குத் தகராறு. காலையில் கண்ட அந்தத் தாயின் அழுகைக்கு அவர் மனத்துக்குள் இடம் ஒதுக்குவது எப்போது? ஒதுக்கப்படாத துக்கம் எங்கும் போய்விடுவதில்லை. இரத்த அழுத்தமாக, சர்க்கரையாக, வீட்டில் பிள்ளைகள் மேல் விழும் எரிச்சலாக வரும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சபை ஏன் அசைவதில்லை? எரிந்துபோவதை நாம் பரிசுத்தம் என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஆங்கிலேயக் குருவானவர் ஹென்றி மார்ட்டின் 1806இல் கல்கத்தாவில் வந்திறங்கியபோது, கடவுளுக்காக எரிந்து தீர்ந்துபோக வேண்டும் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். 1812இல் துருக்கியின் தோகாத் நகரில் 31 வயதில் அப்படியே இறந்தார். கேம்பிரிட்ஜில் பெரிய படிப்புப் படித்த மிஷனெரி ராக்லாந்து, வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரமடித்து உழைத்து 1858இல் சிவகாசியில் மறைந்தார். இவர்களுடைய கதைகள் மிஷனெரிக் கூட்டங்களில் கண்ணீரோடு சொல்லப்படுகின்றன. நானும் கண் கலங்கிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதே மிஷனெரிகளின் வரலாற்றில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அது கூட்டங்களில் சொல்லப்படுவதில்லை.

இன்றைக்கு நாம் தேனிலவுக்குப் போகும் கொடைக்கானல் எப்படிப் பிறந்தது? 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனில் காய்ச்சலும் காலராவும் ஆட்களைக் கொண்டுபோயின. உயிர்கள் போவதைக் கண்ட மிஷன் 1845இல் பழனி மலை மேல் பங்களாக்கள் கட்டி, குடும்பங்களைக் கோடையில் அங்கே அனுப்பத் தொடங்கியது. இடையான்குடியின் கால்டுவெல்லும் பின்னாளில் கொடைக்கானலில் வீடு வைத்திருந்தார். 1891இல் அங்கேதான் இறந்தார். மலைக்குப் போவது தவிர, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாட்டுக்குப் போய்வரும் நீண்ட விடுப்பும் மிஷனெரிகளுக்கு இருந்தது. இவற்றை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. ஓய்வு ஒரு செலவுக் கணக்காக, கட்டடமாக, காலண்டராக இருந்தது.

அந்த பங்களாக்கள் சமவெளியில் வெயிலில் நடந்து சபைகளைப் பார்த்துக்கொண்ட நாட்டு உபதேசியாருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பிறகு சபைகள் நம் கைக்கு வந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆலயங்கள் வந்தன, பள்ளிகள் வந்தன, நிலங்கள் வந்தன, அந்த நிலங்களுக்கான வழக்குகளும் வந்தன. மிஷனெரிக்கு இருந்த ஓய்வு ஏற்பாடு மட்டும் சேகர குருவானவருக்கு அதே அளவில் வந்து சேரவில்லை. மிஷனெரியின் தியாகத்தைச் சுதந்தரித்துக்கொண்டோம், அவருடைய விடுப்பை அல்ல.

இங்கிலாந்துத் திருச்சபையில் 2009இல் இயற்றிய பணி விதிகள், ஏழு நாட்களில் இடைவெளியில்லாத 24 மணி நேர ஓய்வும் ஆண்டுக்கு 36 நாள் விடுப்பும் குருவானவரின் உரிமை என்கின்றன. பிரிட்டனின் மெதடிஸ்ட் சபையில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றியவருக்கு மூன்று மாத நீண்ட ஓய்வு உண்டு. இதனால் அங்குள்ள குருமார் சோர்வதே இல்லை என்று பொருளல்ல. விடுப்புக் கேட்கும்போது அவர் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேச வேண்டியதில்லை, அவ்வளவுதான். அது சிறிய வேறுபாடு அல்ல.

லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிரசங்க மேடைகளில் அவர் பெயர் விழாத மாதம் இல்லை. 1856 அக்டோபரில், அவருக்கு 22 வயதாக இருந்தபோது, லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருக்க, யாரோ "தீ" என்று பொய்யாகக் கூவியதால் எழுந்த நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த அடி அவரை விட்டு நீங்கவே இல்லை. வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வோடு போராடினார், அதை மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். அதோடு, தம்பி ஜேம்ஸைச் சபையின் துணைப் போதகராக வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் குளிர்காலங்களைப் பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள மென்டன் நகரில் கழித்தார். 1892இல் இறந்ததும் அங்கேதான். ஸ்பர்ஜனை மேற்கோள் காட்டுகிறவர்கள் மென்டனை மேற்கோள் காட்டுவதில்லை.

வேதத்தில் இதற்கு இடம் தேடுகிறவர்கள் வழக்கமாக, சாக விரும்பி எலியா தீர்க்கதரிசி படுத்துக்கொண்ட சூரைச்செடிக்குப் போவார்கள். எனக்கு எண்ணாகமம் பதினோராம் அதிகாரமே பொருத்தமாகப் படுகிறது. இறைச்சி கேட்டு ஜனங்கள் வாசலில் நின்று அழுகிறார்கள். மோசே, இவர்களையெல்லாம் நான் ஒருவனாகத் தாங்க முடியாது, இப்படிச் செய்வதைவிட என்னைக் கொன்றுவிடும் என்கிறார். இதற்குக் கர்த்தர் கொடுத்த பதிலில் ஆறுதல் வசனம் இல்லை, இன்னும் ஜெபி என்ற புத்திமதியும் இல்லை. எழுபது மூப்பரைக் கூட்டிச் சேர், பாரத்தை உன்னோடு அவர்கள் சுமக்கட்டும் என்பதுதான் பதில். நிர்வாக ஏற்பாடு! அதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. எல்தாத், மேதாத் என்ற இருவர் பாளயத்துக்குள்ளேயே தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். மோசேயின் ஊழியக்காரனான யோசுவா, அவர்களைத் தடைசெய்யும் என்கிறான். இந்த யோசுவா எல்லாச் சபையிலும் இருக்கிறான். சில நேரம் அவன் குருவானவரின் உள்ளத்திலேயே இருக்கிறான். தான் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சபை ஊழியர் நன்றாகப் பிரசங்கம் செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் சங்கடப்படும் போதகருக்கு எந்தக் கமிட்டியும் ஓய்வு கொடுக்க முடியாது.

தனிமனித முயற்சியை நான் தள்ளிவிடவில்லை. டியூக் குழு, போதகர்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் சேர்த்து இரண்டாண்டுத் திட்டம் ஒன்றை நடத்தி விளைவை அளந்தது. இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் போன்றவற்றில் நல்ல மாற்றம் தெரிந்தது. மனச்சோர்விலும் மனஅழுத்தத்திலும் தெரியவில்லை. தனி ஆளைத் திருத்தியதில் உடல் கேட்டது, மனம் கேட்கவில்லை. உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் சேகரத்தின் அளவைக் குறைக்காதே!

அப்படியானால் கமிட்டி என்ன செய்யலாம்? முதலில் வாரத்தில் ஒரு நாளைத் தீர்மானமாக எழுதி, அறிக்கைப் பலகையில் ஒட்டலாம். பெரும்பாலும் அது திங்கட்கிழமையாக இருக்கும். அன்றைக்கு மரணம், மருத்துவமனை அவசரம் தவிர வேறு எதற்கும் குருமனைக்குப் போகக் கூடாது. போன் யாரிடம் வர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். சேகரச் செயலாளரின் எண்ணோ மூப்பர் ஒருவரின் எண்ணோ அந்தத் தாளில் இல்லை என்றால் தீர்மானம் தாளோடு நின்றுவிடும். கையெழுத்து, சான்றிதழ், சிபாரிசுக் கடிதம் ஆகியவற்றுக்கென்று மாலை நேரம் ஒதுக்கினால் பாதிக் கூட்டம் குறையும். ஆண்டு விடுப்பின்போது ஆராதனை நடத்த ஓய்வுபெற்ற குருவானவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கான பயணப்படியைச் சேகர வரவுசெலவுத் திட்டத்திலேயே போட்டு வைக்கலாம். அசனப் பண்டிகைக்கு ஆட்டுக்கறி வாங்கும் சபைக்கு இது பெரிய தொகை அல்ல. ஈஸ்டர் முடிந்த வாரத்திலும் புத்தாண்டு முடிந்த வாரத்திலும் எந்தக் கூட்டமும் வைக்காமல் இருப்பதற்குப் பணமே வேண்டாம்.

கடினமானது பேசுவதற்கு ஆள் கண்டுபிடிப்பது. அவர் பேராயராக இருக்கக் கூடாது. மாற்றல் போடுகிறவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். வேறு திருமண்டலத்துக் குருவானவர், இறையியல் கல்லூரியின் பழைய ஆசிரியர், மனநல ஆலோசகர் என்று அதிகாரச் சங்கிலிக்கு வெளியே ஒருவர் வேண்டும்.

சோர்வு ஒரு கட்டத்துக்கு மேல் போய்விட்டால் அது விடுப்பால் தீரும் காரியம் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் ஈடுபாடில்லாமல், பசியற்று, செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வந்துபோனால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். "எங்களுக்காக ஜெபிக்கிறவரே மாத்திரை சாப்பிடுகிறாரா" என்று பேசும் சபையில் போதகர் வேறு ஊர் மருத்துவரிடம் மறைந்து போக வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும்போது இந்தக் கேள்வி வருவதில்லை.

மேலே சொன்னவை எல்லாம் கமிட்டி உள்ள சபைகளுக்கு. தமிழ்நாட்டின் புறநகர்களில் வாடகை மண்டபத்திலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ சபை நடத்தும் சுயாதீனப் போதகருக்குக் கமிட்டி இல்லை, திருமண்டலம் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. தசமபாகம் வந்தால்தான் வாடகை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்தில் ஒருநாள் முழு இரவு ஜெபம், இடையில் ஒலிபெருக்கி பற்றி அக்கம்பக்கத்தாரின் புகார், அதற்காகக் காவல் நிலைய வாசல். அவர் விடுப்பில் போனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கை குறையும். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. பக்கத்துச் சபைப் பாஸ்டரைப் பிரசங்கத்துக்கு அழைத்துவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வருவதற்குள் நான்கு குடும்பங்கள் அவர் பின்னால் போய்விடுமோ என்பது. இது வீண் பயம் அல்ல, நடப்பதுதான். பல ஊர்களில் போதகர் ஐக்கியங்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபிக்கின்றன, உணவருந்திக் கலைகின்றன. மாற்றாகப் பிரசங்கிக்கப் போனவர் அந்தச் சபையின் குடும்பம் எதையும் ஓராண்டுக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்று அந்தக் கூட்டத்திலேயே கையெழுத்திட்டு ஒரு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். அப்படி ஒன்று இல்லாதவரை சுயாதீனப் போதகரிடம் "ஓய்வெடுங்கள் பாஸ்டர்" என்று சொல்வது, அவர் சபையைப் பணயம் வைக்கச் சொல்வதாகும்.